இரும்புக்கு முன்னே மரம்: வார்ப்பு மாதிரி செய்யும் தொழில் பற்றி ஓர் அறிமுகம்

பதுளைக்கு அண்மையில், பள்ளத்தாக்கு ஒன்றில் குத்தகை நிலத்தில் மரக்கறி செய்துவரும் குடும்பமொன்றை நாம் அறிவோம். குடும்பத் தலைவரின் பெற்றோர் ஊவாத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அவர்கள் வன்னிக்குப் போய், காடு வெட்டி, கிணறு தோண்டி, கமம் செய்யப் பழகினார்கள். பின்னர் யுத்தம் அவர்களைப் பல தடவை இடம்பெயர வைத்தது. 2009க்குப் பின் முகாமை விட்டு வெளியேறி, உறவினரைத் தேடி மீண்டும் ஊவாவுக்கே வந்து சேர்ந்தார்கள். கூலிவேலை செய்து மிச்சம் பிடித்த பணத்தில் அவர்கள் வாங்கிய முதற் சொத்து, பாவித்த பழைய நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று.

ஒரு வரட்சிக் காலத்தில் அந்த இயந்திரத்தின் உள்ளே நீரைச் சுழற்றி வீசும் சக்கரம் உடைந்துவிட்டது. பழைய இயந்திரம் என்பதால் கடைகளில் அந்தப் பாகம் கிடைக்கவில்லை. வெளியூர்ப் பட்டறை ஒன்றிற்கு அதனைக் கொண்டுபோனார்கள். அங்கே உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, அதையே மண்ணில் பதித்து, புதிய சக்கரம் ஒன்றை வார்த்துக் கொடுத்தார்கள். பார்வைக்கு அது குறையில்லாமல் இருந்தது. பூட்டியபோது இயந்திரமும் ஓடியது. ஆனால் மேல் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. காய்க்கத் தொடங்கியிருந்த போஞ்சி கண்முன்னே கருகிப் போனது.

"பழைய சாமானை வச்சுத்தானே சாமி வார்த்தாங்க? அப்புறம் எப்படி அது சின்னதாப் போச்சு?" என்று அவர் எம்மிடம் கேட்டார். எமக்கும் அன்று விடை தெரியவில்லை. சக்கரத்தை எடுத்துக்கொண்டு, தோட்டத் தொழிற்சாலையில் நீண்ட காலம் தச்சராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் போனோம். அவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரும்பு சூட்டுல பெருசுங்க சாமி, ஆறினாச் சிறுசு. அந்தக் குறையை மரத்திலேயே குடுத்திரணும்."

அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கமாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கமக்காரருக்கு வார்ப்புத் தொழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் பாவிக்கும் நீரிறைக்கும் இயந்திரத்திலும், மா அரைக்கும் ஆலையிலும், உழவு இயந்திரத்திலும் உள்ள பாகங்களிற் பெரும்பகுதி வார்க்கப்பட்டவையே. அவை உடையும்போது ஏமாறாதிருக்க, அவை எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். அத்துடன், நிலத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் நிலமில்லாமல் செய்யக்கூடிய கைத்தொழில்களில் இதுவும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவால் வீடிழந்தவர்கள், அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாச் சுரங்க வேலையின்போது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதால் பயிரை விட்டவர்கள் என, எமது பிரதேசத்தில் நிலத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத குடும்பங்கள் பல உள்ளன.

வார்ப்பு என்றால் என்ன?

உலோகத்தை நாம் விரும்பும் வடிவத்துக்குக் கொண்டுவரப் பிரதானமாக மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, கொல்லர் செய்வது போலக் காய்ச்சி அடிப்பது. மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் இவ்வாறு செய்யப்படுபவை. இரண்டாவது, வெட்டியும் கடைந்தும் எடுப்பது. மூன்றாவது, உருக்கி அச்சில் ஊற்றி ஆறவிடுவது. இதுவே வார்ப்பு. வளைவுகளும் குழிவுகளும் நிறைந்த பாகங்களை அடித்தோ கடைந்தோ செய்வது கடினம். ஊற்றி எடுப்பதே இலகு.

ஊற்றுவதற்கு அச்சு வேண்டும். அச்சு பெரும்பாலும் மண்ணினாலானது. நுண்ணிய மணலுடன் களியும், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு நீரும் கலந்து பதப்படுத்துவார்கள். கையில் எடுத்துப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அந்த மண்ணில் ஒரு பள்ளத்தை உண்டாக்க வேண்டும். பள்ளத்தின் வடிவம் எதுவோ, அதுவே இரும்பின் வடிவம்.

பள்ளத்தைக் கையால் தோண்டினால் ஒன்றைப்போல் மற்றொன்று வராது. ஆகவே முதலில் மரத்தில் அப்பொருளின் உருவத்தைச் செய்து, அதனை மண்ணில் பதித்து, பின்பு மெதுவாக வெளியே எடுக்கிறார்கள். மரம் போன இடத்தில் உலோகம் வந்து நிரம்புகிறது. அந்த மர உருவத்தையே மாதிரி என்கிறோம். பட்டறைகளில் இதனைப் பற்றன் என்பார்கள். இதனைச் செய்பவர் மாதிரித் தச்சர்.

வேலை நடக்கும் ஒழுங்கு இதுதான். அடியும் மூடியும் இல்லாத இரண்டு சட்டப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். கீழ்ப்பெட்டியில் மாதிரியை வைத்து மண்ணை இறுக்குவார்கள். மேற்பெட்டியை வைத்து அதிலும் மண்ணை இறுக்குவார்கள். உலோகம் ஊற்ற ஒரு துவாரமும், உள்ளே இருக்கும் காற்று வெளியேறவும் உலோகம் மேலெழுந்து நிற்கவும் வேறொரு துவாரமும் விடப்படும். பின்பு பெட்டிகளைப் பிரித்து, மாதிரியை இலேசாகத் தட்டி அசைத்து எடுத்துவிட்டு, மீண்டும் பெட்டிகளைப் பொருத்துவார்கள். ஏறக்குறைய 1,350 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உருகிய இரும்பு அதில் ஊற்றப்படும். ஆறியதும் மண்ணை உடைத்துப் பாகத்தை எடுப்பார்கள். மண் அச்சு ஒரு முறையோடு முடிந்தது. மாதிரியோ அடுத்த அச்சுக்குத் தயாராக இருக்கும்.

தமிழ்நாட்டின் சுவாமிமலையில் பஞ்சலோகத் திருவுருவங்களை வார்ப்பவர்கள் மெழுகில் மாதிரி செய்கிறார்கள். அதன்மேல் மண்ணைப் பூசிச் சுடும்போது மெழுகு உருகி ஓடிவிடும். அங்கே ஒரு மாதிரிக்கு ஓர் உருவம் மட்டுமே. மர மாதிரியோ பல தடவை பயன்படும். நன்றாகப் பேணினால் செய்தவரின் காலத்துக்குப் பின்னும் பயன்தரும்.

ஊவாவுக்கு இயந்திரங்கள் வந்த கதை

மலைநாட்டில் முதலில் பயிரிடப்பட்ட பெருந்தோட்டப் பயிர் கோப்பி. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்க இயந்திரங்கள் தேவைப்பட்டன. ஜோன் வோக்கர் என்பவர் 1854இல் கண்டியில் ஆரம்பித்த பொறியியல் நிறுவனம் இந்தத் தேவையை நம்பியே வளர்ந்தது. 1869க்குப் பின் இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அப்போது பெல்பாஸ்ற் நகரிலிருந்து டேவிட்சனின் சிறொக்கோ உலர்த்திகளும், இங்கிலாந்தின் கேன்ஸ்பரோ நகரிலிருந்து மார்ஷல் நிறுவனத்தின் ஜாக்சன் உருளைகளும் வந்திறங்கின.

அவை வந்திறங்கியது கொழும்புத் துறைமுகத்தில். ஊவா மலைகளுக்கு அவற்றைக் கொண்டுவருவது பெரும்பாடு. புகையிரதம் அப்புத்தளைக்கு 1893இலும், பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பதுளைக்கு வந்தது 1924இல்தான். கொழுந்து குவிந்து கிடக்கும் நாளில் ஒரு பல்சக்கரம் உடைந்தால், கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. ஆகவே தோட்டத்துத் தச்சரும் கொல்லரும் பொருத்துநரும் சேர்ந்து தம்மால் இயன்றதைச் செய்து இயந்திரத்தை ஓடவைத்தார்கள். மரத்தில் மாதிரியைச் செய்து கீழே வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பி வார்த்தெடுப்பது இதில் ஒரு வழி. எமது மக்கள் தொழிற்சாலை இயந்திரத்துக்கு ரோதை முனி என்று பெயரிட்டு வழிபட்டார்கள். அந்த ரோதையின் உள்ளுறுப்புகளை அறிந்தவர்களும் எமது மக்களிடையே இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

நாம் சென்று பார்த்த மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றில் பழைய மாதிரிகள் இருந்த அறை வெறுமையாகக் கிடந்தது. விறகு தட்டுப்பாடான நாட்களில் அவை அடுப்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நன்றாக உலர்ந்த மரம், நன்றாகவே எரிந்திருக்கும். ஆனால் எரிந்தது விறகல்ல. ஒவ்வொரு பாகத்தையும் மீண்டும் பெறுவதற்கான வழியே எரிந்துபோயிற்று.

மாதிரி ஏன் பொருளைவிடப் பெரியது?

இனி, முதியவர் சொன்ன வார்த்தைக்கு வருவோம். ஆலயத்தில் மெழுகுதிரி வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அச்சு நிரம்ப ஊற்றிய மெழுகு, ஆறியதும் நடுவில் குழிந்து, ஓரத்தை விட்டும் விலகி நிற்கும். உலோகமும் அவ்வாறே ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும் அளவு உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். சாதாரண வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு சுருங்கும். அலுமினியம் ஏறக்குறைய 1.3 பங்கும், பித்தளை 1.5 பங்கும், உருக்கு 2 பங்கும் சுருங்கும்.

ஆகவே மாதிரித் தச்சர் பாவிக்கும் அளவுகோல் சாதாரண அளவுகோல் அல்ல. வார்ப்பிரும்புக்கான சுருக்கக் கோலில் ஒரு மீற்றர் என்று குறித்திருப்பது, உண்மையில் 1,010 மில்லிமீற்றர் நீளமிருக்கும். பித்தளைக்கு வேறு கோல், அலுமினியத்துக்கு வேறு கோல். அந்தக் கோலால் அளந்து செய்தால், தனியாகக் கணக்குப் பார்க்காமலே சுருக்கத்துக்கான மிகை மரத்தில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது மிகை கடைசலுக்கானது. வார்த்து எடுத்த பாகத்தின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அச்சாணி நுழையும் துவாரம், மற்றப் பாகத்தோடு பொருந்தும் முகம் ஆகியவற்றைக் கடைசல் இயந்திரத்தில் சீவி எடுக்க வேண்டும். சீவுவதற்கு அங்கே உலோகம் மேலதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? சிறிய இரும்புப் பாகங்களுக்கு, சீவ வேண்டிய முகம் ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீற்றர் அளவு கூட்டுவார்கள்.

மூன்றாவது, சரிவு. மண்ணில் பதித்த மாதிரியை மேலே தூக்கும்போது அதன் பக்கங்கள் நேர் செங்குத்தாக இருந்தால் மண்ணை உராய்ந்து இடித்துவிடும். வாளியில் ஈரமணலை அடைத்துக் கவிழ்த்து விளையாடும் பிள்ளைகளுக்கும் இது தெரியும். வாய் அகன்ற வாளியிலிருந்துதான் மணல் உடையாமல் வரும். அதனால் மாதிரியின் பக்கங்களில் ஒன்று அல்லது இரண்டு பாகை சரிவு கொடுக்கப்படும். 100 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு பாகைச் சரிவு என்பது ஏறக்குறைய 1.7 மில்லிமீற்றர்.

நான்காவது, மூலைகளை நிரப்புதல். இரண்டு முகங்கள் சந்திக்கும் உள்மூலை கூராக இருந்தால், உலோகம் ஆறும்போது அங்கே வெடிப்பு உண்டாகும். எனவே அந்த மூலையை மெழுகாலோ தோலாலோ நிரப்பி வளைவாக்குவார்கள்.

மூன்று பாகங்கள், மூன்று பாடங்கள்

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்தே மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, உலர்த்தியின் விறகு அடுப்பில் விறகைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள். இவை நெருப்பிலேயே கிடப்பதால் நாளடைவில் வளைந்து கருகித் தேய்ந்துபோகும். அடிக்கடி மாற்ற வேண்டியவை. இவற்றைக் கடையத் தேவையில்லை. உள்ளே குழிவும் இல்லை. நீளமான ஒரே துண்டு மரத்தில், சுருக்கக் கோலால் அளந்து, சரிவு கொடுத்துச் செய்துவிடலாம். தொழில் பழகும் ஒருவர் செய்யக்கூடிய முதல் மாதிரி இதுவே.

இரண்டாவது, கொழுந்தை அரைத்துச் சுருட்டும் உருளையின் மேசையில் பிறை வடிவாகப் பதிக்கப்படும் பித்தளைப் பட்டிகள். கொழுந்துச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும். ஆகையால் அங்கே பித்தளை பாவிக்கப்படுகிறது. 400 மில்லிமீற்றர் நீளமான பட்டி ஒன்றுக்கு மாதிரி செய்யும்போது இரும்புக் கோலால் அளந்தால் 4 மில்லிமீற்றர் கூடும். பித்தளைக்கு வேண்டியதோ 6 மில்லிமீற்றர். வார்த்த பட்டி 2 மில்லிமீற்றர் குறைந்து வரும். மேசையிலுள்ள ஆணித் துவாரங்களோடு பட்டியின் துவாரங்கள் பொருந்தா. என்ன உலோகத்தில் வார்க்கப் போகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும் என்பது இங்கே பாடம்.

மூன்றாவது, தண்ணீர்க் குழாயின் முழங்கை வளைவு. இதன் உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும். மாதிரியை மட்டும் பதித்தால் உள்ளே அடைபட்ட வெறும் இரும்புக் கட்டிதான் கிடைக்கும். ஆகவே வெற்றிடத்தின் வடிவத்தில் மணலால் ஓர் உருவம் செய்து, எண்ணெய் அல்லது சீனிப்பாணி போன்றவற்றால் பிணைத்து, போறணையில் சுட்டு இறுகச் செய்வார்கள். இதற்குக் கோர் என்று பெயர். அச்சின் பள்ளத்துக்குள் கோரை வைத்து ஊற்றினால், உலோகம் அதனைச் சுற்றி நிரம்பும். ஆறியபின் கோரை உடைத்துக் கொட்டிவிட்டால் உள்ளே குழாய். கோரின் இரு முனைகளும் அச்சில் தங்கி நிற்க இடம் வேண்டுமென்பதால், மாதிரியின் இரு முனைகளிலும் மேலதிக நீட்டம் விடப்படும். அந்தக் கோரை வார்க்கும் மரப்பெட்டியைச் செய்வதும் மாதிரித் தச்சரே. வளைவின் மாதிரி நடுவால் இரண்டாகப் பிரியக்கூடியதாக, முளையாணிகளால் பொருந்தக்கூடியதாக இருக்கும். ஒரு பாதி கீழ்ப்பெட்டியிலும் மறுபாதி மேற்பெட்டியிலும் பதியும். இது தேர்ந்த கைக்குரிய வேலை.

அந்தச் சக்கரத்துக்கு நேர்ந்தது என்ன?

இப்போது எமது நண்பரின் சக்கரத்தைப் பார்ப்போம். புதிதாக இருந்தபோது அதன் குறுக்களவு 152 மில்லிமீற்றர், அதாவது 6 அங்குலம். நீண்ட காலம் மணற்தண்ணீரில் ஓடி, உடையும்போது 150 ஆகத் தேய்ந்திருந்தது. அதையே மாதிரியாகப் பதித்தார்கள். வார்த்த இரும்பு ஆறும்போது நூற்றுக்கு 1 பங்கு சுருங்க, 148.5 ஆயிற்று. ஓரத்தைச் சமப்படுத்தப் பக்கத்துக்கு 1 மில்லிமீற்றர் சீவினார்கள். முடிவில் 146.5. கண்ணால் பார்த்தால் தெரியாத வித்தியாசம்தான்.

ஆனால் இவ்வகை இயந்திரம் தண்ணீரை ஏற்றும் உயரம், சக்கரத்தின் குறுக்களவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். குறுக்களவில் நூற்றுக்கு 3.6 குறைந்தால், ஏறும் உயரம் நூற்றுக்கு ஏறக்குறைய 7 குறையும். முன்பு 60 அடி ஏற்றிய இயந்திரம் இப்போது 56 அடிகூட ஏற்றாது. அதோடு, சக்கரத்துக்கும் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி கூடியதால், ஏற்ற வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே சுழன்று வீணாயிற்று. மேல் பாத்தி காய்ந்ததன் காரணம் இதுதான்.

சரியான மாதிரி எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? தேவையான அளவு 152. இரு பக்கமும் சீவுவதற்கு 3 வீதம் கூட்டினால் 158. அதற்குச் சுருக்கம் 1.6 கூட்டினால் 159.6. ஆக, 150 மில்லிமீற்றர்த் துண்டைப் பதித்த இடத்தில் ஏறக்குறைய 160 மில்லிமீற்றர் மர மாதிரி பதிந்திருக்க வேண்டும். உடைந்த பாகம் எமக்கு வடிவத்தைச் சொல்லும். அளவைச் சொல்லாது. அளவை, அது பொருந்தியிருந்த கூட்டிலிருந்தும் அச்சாணியிலிருந்தும்தான் எடுக்க வேண்டும்.

அந்த முதியவர் கூட்டை அளந்து, பழைய மகோகனிப் பலகையில் மாதிரி செய்துகொடுத்தார். கணக்கைப் போட்டது நண்பரின் மூத்த மகள். சாதாரணதரம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த பிள்ளை. இரண்டாம் முறை வார்த்த சக்கரம் மேல் பாத்திவரை தண்ணீரை ஏற்றியது. அந்தப் போகத்துப் போஞ்சியை அது மீட்டுத் தரவில்லை. அடுத்த போகத்தைக் காப்பாற்றியது.

பாகம் உடைந்தால் கவனிக்க வேண்டியவை

1. உடைந்த துண்டு எதையும் வீசாதீர்கள். ஒரு சிறு துண்டு இல்லாவிட்டாலும் வடிவத்தை ஊகிக்க நேரிடும்.

2. முழு இயந்திரத்தையும், அல்லது அப்பாகம் பொருந்தும் கூட்டையும் அச்சாணியையும் கூடவே கொண்டுபோங்கள். தேய்ந்த பாகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

3. பழைய பாகத்தையே பதிக்கப் போகிறார்களா, மாதிரி செய்யப் போகிறார்களா என்று கேளுங்கள். பழையதையே பதிப்பதானால், சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். அளவு பெரிதாகப் பாதிக்காத அடுப்புச் சட்டம் போன்றவற்றுக்குப் பழையதைப் பதிப்பதில் பிழையில்லை.

4. வார்ப்பு பழுதாக வந்தால் யார் செலவு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

5. மாதிரிக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள் என்றால், வார்த்து முடிந்ததும் மாதிரியை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் இயந்திரத்தின் பெயர், பாகத்தின் பெயர், உலோகம், ஆண்டு ஆகியவற்றை எழுதி, மழையும் வெயிலும் கறையானும் படாத இடத்தில் வையுங்கள். அதே இயந்திரம் வைத்திருக்கும் அயலவருக்கும் அது உதவும். ஒரு கிராமத்துச் சங்கம் இவ்வாறு ஐந்தாறு மாதிரிகளைப் பொதுவில் வைத்திருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே செலவழிக்கத் தேவையில்லை.

6. மாதிரியின் நிறையைக் கொண்டு வார்ப்பின் நிறையை மதிப்பிடலாம். உள்ளே கோர் இல்லாத பைன் மர மாதிரி ஒரு கிலோ என்றால், வார்ப்பிரும்பில் அது ஏறக்குறைய 16 கிலோ வரும். நிறைக்கு விலை பேசும் இடத்தில் இக்கணக்கு கைகொடுக்கும்.

இதனைத் தொழிலாகக் கொள்ளலாமா?

மாதிரித் தச்சருக்கு உலை வேண்டாம், நிலமும் வேண்டாம். ஒரு மேசை, உளி, இழைப்புளி, அரம், சுருக்கக் கோல், நல்ல அளவுக் கருவிகள், உலர்ந்த அறை ஆகியன போதும். கோயம்புத்தூரில் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கான வார்ப்பாலைகள் பெருகியபோது, அவற்றைச் சார்ந்து மாதிரி மட்டுமே செய்யும் சிறு பட்டறைகளும் தனியாகத் தோன்றின. அங்கே 1926இல் ஆரம்பிக்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை கைத்தொழிலோடு கல்வியையும் சேர்த்துக் கொடுத்தன. ஆள் பலத்தைவிடக் கண்ணும் கணக்கும் பொறுமையும் வேண்டிய வேலை இது. பெண்பிள்ளைகள் செய்ய முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மரத்தைத் தெரிந்தெடுப்பதிலும் அறிவு வேண்டும். மகோகனி, தேக்கு, பைன் போன்றவை நேரான நார் உடையவை, செதுக்க இலகுவானவை. எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே வரண்ட காற்று, பச்சை மரத்தில் செய்த மாதிரியைப் பிளந்துவிடும். ஈரமண்ணின் நீரை மரம் உறிஞ்சாதிருக்க, முடிந்த மாதிரிக்கு வார்னிஷோ நிறப்பூச்சோ பூசுவது அவசியமாகும்.

ஆனாலும் மிகையான நம்பிக்கையை நாம் ஊட்ட விரும்பவில்லை. இன்று பெரிய ஆலைகளில் கணினி வழிநடத்தும் இயந்திரங்களே மாதிரியைச் செதுக்குகின்றன. பிசினிலும் அலுமினியத்திலும் மாதிரிகள் செய்யப்படுகின்றன. மாதிரி மட்டும் செய்து பிழைக்குமளவுக்கு எமது மலைப் பிரதேசத்தில் வேலை கிடைக்குமென்று எண்ணி இறங்கக்கூடாது. தச்சு வேலையையோ கடைசல் வேலையையோ முதலில் முறையாகக் கற்று, அதனோடு சேர்ந்த மேலதிக அறிவாக இதனைக் கொள்வதே புத்தி. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும், தமிழில் எந்தப் பாடநெறி இவ்வாண்டு நடக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். வரைபடம் வாசிக்கக் கற்ற பிள்ளைக்குக் கணினியிலும் அதே அறிவு உதவும். சரிவும் சுருக்கமும் கணினிக்கும் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டியவையே.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாதிரி செய்வது வேறு, உலோகம் உருக்குவது வேறு. வீட்டு முற்றத்தில் பழைய அலுமினியத்தை உருக்கிப் பார்க்க வேண்டாம். ஈரமான அச்சிலோ நிலத்திலோ உருகிய உலோகம் பட்டால், நீர் கணப்பொழுதில் ஆவியாகி உலோகத்தை வெடிகுண்டு போலச் சிதறடிக்கும். வார்ப்பு மணலின் நுண்தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். அந்த வேலை, தக்க பாதுகாப்போடு பட்டறையில் செய்ய வேண்டியது.

முடிவாக

சாலமோன் அரசர் எருசலேமில் கோவில் கட்டியபோது, வெண்கலப் பொருட்களையெல்லாம் வார்த்தவர் ஈராம் என்னும் கைவினைஞர் என்றும், யோர்தான் சமவெளியின் களிமண்ணிலேயே அவை வார்க்கப்பட்டன என்றும் அரசர்கள் முதல் நூல் கூறுகிறது. அவர் ஒரு கைம்பெண்ணின் மகன். இறைவனின் இல்லத்துக்கு வேண்டிய கைத்திறன் அரண்மனையிலிருந்து வரவில்லை, ஒரு கைம்பெண்ணின் வீட்டிலிருந்து வந்தது. எமது ஆண்டவரும் தச்சருடைய வீட்டில் வளர்ந்தவரே.

எமது நண்பரின் வீட்டில், கூரை வளையில் தொங்கும் ஒரு பையில் அந்த மகோகனி மாதிரி இருக்கிறது. அதன் முகத்தில் 159.6 என்று மகள் எழுதிய எண் இன்னும் அழியவில்லை. அந்த எண்ணின் பொருளை முதியவர் இதுவரை நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உங்கள் ஊரிலும் இப்படியொரு பழைய தச்சரோ, பொருத்துநரோ, டீமேக்கரோ ஓய்வாக இருக்கக்கூடும். அவருக்குத் தெரிந்ததை இன்றே போய்க் கேளுங்கள். எரிந்துபோன மாதிரியை மீண்டும் செய்யலாம். செய்யத் தெரிந்தவர் போய்விட்டால், அதுதான் உண்மையான இழப்பு.